முர்னாவின் '4 டெவில்ஸ்' எங்கே போனது?

கேள்வி இதுதான்: "சன்ரைஸ் பார்த்து அசந்துபோனேன். அதே இயக்குநர் முர்னாவ் அடுத்து எடுத்த 4 டெவில்ஸ் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, யூடியூபில்கூட இல்லை. ஆஸ்கர் பட்டியலில் பெயர் வந்த படம் எப்படி முழுசாகக் காணாமல் போகும்? 1937 தீவிபத்தில் எரிந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?"

முதலில் நேரடியான பதில். கிடைக்காது, தேட வேண்டாம். முழுப் படத்தை விடுங்கள், துண்டுக் காட்சிகூட இதுவரை வெளியே வரவில்லை. தீவிபத்து விஷயம் பாதி உண்மை. தீ வந்தது, நிறைய எரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் படம் அதற்கு எட்டு வருஷம் முன்னாடியே, 1929லேயே கைவிடப்பட்ட படம். சொந்தக்காரர்களே 'இனி இது எதற்கு' என்று முடிவு செய்த பிறகு எரிந்தால் என்ன, மக்கினால் என்ன, யாராவது இரவல் வாங்கித் தொலைத்தால்தான் என்ன. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

படம் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கதை. ஹெர்மான் பாங் என்ற டேனிஷ் எழுத்தாளரின் குறுநாவல்தான் மூலம். ஒரு நாடோடி சர்க்கஸ், அதன் முதலாளி செக்கி குடிகாரன், பிள்ளைகளைப் போட்டு அடிப்பவன். அவனிடம் மாட்டிக்கொண்ட நான்கு அனாதைக் குழந்தைகளை அங்கே இருக்கும் வயதான கோமாளி ஒருநாள் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறான், அவனே வளர்க்கிறான், வித்தையும் கற்றுக் கொடுக்கிறான். வளர்ந்து நான்கு பேரும் '4 டெவில்ஸ்' என்ற பெயரில் பார் விளையாட்டில் பெரிய நட்சத்திரங்கள் ஆகிறார்கள். மரியனுக்குச் சார்லஸ் மேல் காதல். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் ஒரு பணக்காரப் பெண் வந்து உட்காருகிறாள், அவளுக்குச் சார்லஸ் வேண்டும். அவனும் போகிறான். ராத்திரி அங்கே, மறுநாள் மாலை கூடாரத்தின் உச்சியில் மரியன் கையைப் பிடிக்க வேண்டிய வேலை. கடைசி ஆட்டத்தைக் கீழே வலை கட்டாமல் ஆடுகிறார்கள். மரியனுக்கு அவன் எங்கிருந்து வந்து நிற்கிறான் என்று தெரியும். குறுநாவலில் இருவரும் செத்துப்போகிறார்கள். வெளியான படத்தில் மரியன் விழுந்தும் பிழைத்துக்கொள்கிறாள், சார்லஸ் திரும்பி வருகிறான். ஹாலிவுட் வழக்கம், வேறென்ன.

மரியனாக ஜேனட் கேய்னர், சன்ரைஸில் நீங்கள் பார்த்த அதே மனைவிதான். சார்லஸாகச் சார்லஸ் மார்ட்டன், மற்ற இருவர் நான்சி ட்ரெக்ஸலும் பேரி நார்ட்டனும், கோமாளியாக ஜே. ஃபேரல் மெக்டொனால்ட், அந்தப் பணக்காரியாக மேரி டங்கன். டங்கன் பெயரை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அவர் கதைக்குள் வேறு விதமாக இன்னொரு தடவை வரப்போகிறார்.

முர்னாவ் பற்றி நீளமாக வேண்டாம். நோஸ்ஃபெராட்டு, தி லாஸ்ட் லாஃப், ஃபௌஸ்ட் எல்லாம் ஜெர்மனியில் எடுத்து முடித்தவர். ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் முதலாளி வில்லியம் ஃபாக்ஸ் அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்துக் கையைக் கட்டாமல் பணம் கொடுத்து சன்ரைஸ் எடுக்க வைத்தார். 1927ல் வந்த சன்ரைஸுக்கு முதலாவது ஆஸ்கர் விழாவில் மரியாதை எக்கச்சக்கம், வசூல் செலவுக்கு ஈடாகவில்லை. அதனால் அடுத்த படத்தில் ஸ்டூடியோவின் கண் அவர் மேல் கூடுதலாகவே இருந்தது. இருந்தாலும் மனுஷன் சும்மா எடுக்கவில்லை. சர்க்கஸ் வட்டத்துக்குள் கேமராவைக் கிரேனில் ஏற்றி ஆடுபவர்களோடு சேர்த்தே அலைய விட்டார். படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த புகைப்படங்கள் மிஞ்சியிருக்கின்றன, பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். கேமராமேன் எர்னஸ்ட் பாமர் பெயர் இரண்டாவது ஆஸ்கரில் வந்தது இந்த வேலைக்காகவும்தான். அந்த வருஷம் பரிந்துரைப் பட்டியல் என்று அதிகாரபூர்வமாக எதுவும் அறிவிக்கவில்லை, நடுவர்கள் யார் யாரைப் பரிசீலித்தார்கள் என்று அகாடமியின் பதிவுகளிலிருந்து பின்னால் எடுத்த தகவல் அது. பரிசு வேறொருவருக்குப் போனது. ஆஸ்கர் ஒரு படத்தைக் காப்பாற்றிவிடும் என்று நினைப்பதும் சரியில்லை. முதல் சிறந்த நடிகர் விருது எமில் யானிங்ஸுக்குப் போனது இரண்டு படங்களுக்காக, அதில் ஒன்றான தி வே ஆஃப் ஆல் ஃப்ளெஷ் சில நிமிடத் துண்டுகள் போக மீதி தொலைந்துவிட்டது. சிறந்த படத்துக்கான போட்டியில் இருந்த லூபிட்ஷின் தி பேட்ரியாட்டும் அப்படித்தான், டிரெய்லரும் சில துண்டுகளும் இருக்கின்றன, படம் இல்லை.

இப்போது முக்கியமான இடம். 4 டெவில்ஸ் நியூயார்க்கில் கெய்ட்டி தியேட்டரில் திரையிடப்பட்டது 1928 அக்டோபர் 3. அந்தத் தேதியைக் கவனியுங்கள். பாட்டும் கொஞ்சம் பேச்சும் சேர்ந்த தி ஜாஸ் சிங்கர் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முழுக்கப் பேசும் முதல் படமான லைட்ஸ் ஆஃப் நியூயார்க் ஜூலையில் வந்தாயிற்று. செப்டம்பரில் ஆல் ஜோல்சனின் தி சிங்கிங் ஃபூல் வந்து கூட்டம் அள்ளிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இசையும் சத்தங்களும் மட்டும் பதிவு செய்து, யாரும் வாய் திறந்து பேசாத ஒரு படத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஸ்டூடியோவுக்கு அது போதவில்லை. சில காட்சிகளைத் திரும்ப எடுத்து, நடிகர்களைப் பேச வைத்து, 1929 கோடையில் 'பேசும் படம்' என்று மறுபடி வெளியிட்டார்கள். அந்த வேலையில் முர்னாவுக்குப் பங்கில்லை. அவர் ஃபாக்ஸை விட்டு விலகி, பாலி என்று பெயர் வைத்த தன் பாய்மரப் படகில் தாஹித்தி பக்கம் கிளம்பிவிட்டிருந்தார். அங்கே டாபு எடுத்து முடித்தார். 1931 மார்ச் 11ல் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார், டாபு வெளியாக ஒரு வாரம் இருந்தது. வயது 42.

ஆக 4 டெவில்ஸுக்கு இரண்டு வடிவங்கள். முர்னாவ் எடுத்தது ஒன்று, மற்றவர்கள் கை வைத்துப் பேச வைத்தது இன்னொன்று. 1930 வந்தபோது இரண்டுமே காலாவதி. மௌன வடிவத்தைப் போடத் தியேட்டர் இல்லை, ஏனென்றால் எல்லோரும் சவுண்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அரைகுறையாகப் பேசும் வடிவத்தைப் பார்க்க ஆள் இல்லை, ஏனென்றால் பக்கத்துத் தியேட்டரில் முழுக்கப் பேசும் படம் ஓடுகிறது. தொலைக்காட்சி கிடையாது, வீடியோ கிடையாது, பழைய படத்தை மறுபடி விற்கலாம் என்ற யோசனையே அந்தத் தொழிலில் அப்போது பெரிதாக இல்லை. படம் என்பது ஓடும் வரைக்கும் சரக்கு, ஓடி முடிந்தால் கிடங்கில் இடத்தை அடைக்கும் டப்பா.

இதற்கு மேல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் சொந்தப் பாடு வேறு. வில்லியம் ஃபாக்ஸ் 1929 தொடக்கத்தில் எம்.ஜி.எம்.-இன் தாய் நிறுவனமான லோஸின் பங்குகளைக் கடன் வாங்கி அள்ளினார். ஜூலையில் கார் விபத்தில் படுகாயம். அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. 1930ல் அவர் கட்டிய கம்பெனியே அவர் கையை விட்டுப் போய்விட்டது. 1935ல் அது ட்வென்டியத் செஞ்சுரியோடு சேர்ந்தது. முர்னாவை ஆசையாகக் கூட்டி வந்த முதலாளியே வெளியே போன பிறகு, அந்தப் படங்களின் மேல் யாருக்குப் பாசம் இருக்கும்? கிடங்கில் என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள்.

சரி, இப்போது தீ. நியூஜெர்சியில் லிட்டில் ஃபெர்ரி என்ற சின்ன ஊர். அங்கே செங்கல்லும் கான்கிரீட்டும் வைத்துக் கட்டிய கிடங்கு, உள்ளே தனித்தனி அறைகள், ஃபாக்ஸின் மௌனப் பட நெகட்டிவ்களும் பிரதிகளும் அடுக்கி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் வசதி இல்லை, உள்ளே காற்றோட்டத்துக்கு இயந்திர ஏற்பாடும் இல்லை. 1937 ஜூலையில் கடும் வெயில் அலை. ஜூலை 9 அதிகாலை இரண்டு மணி வாக்கில் வெடித்தது. பக்கத்து வீடுகள் வரை தீ பாய்ந்தது, 13 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். படம் போனதைப் பற்றிப் பேசும்போது இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 40,000 ரீலுக்கு மேல் போயிற்று. 57 லாரி நிறைய எரிந்த மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனார்கள், எதற்கு என்றால் அதிலிருந்து வெள்ளி எடுக்க. ஃபிலிமின் மேல் பூச்சில் வெள்ளி உண்டு. ஒரு டப்பாவுக்குச் சுமார் 5 சென்ட் மதிப்பு. மௌனப் பட நட்சத்திரம் தீடா பாராவின் படங்கள் கிட்டத்தட்ட மொத்தமும் மறைந்துபோனதற்கு இந்தத் தீ முக்கியக் காரணம். சன்ரைஸின் மூல நெகட்டிவும் இதில்தான் போனது. நீங்கள் பார்த்து அசந்தது மிஞ்சிய பிரதிகளிலிருந்து உருவாக்கிய படம்.

அந்தக் காலத்து ஃபிலிம் ஏன் இப்படி எரிந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். 35 எம்.எம். படங்களுக்கு அப்போது பயன்பட்டது செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய சொந்தம். எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது, ஆகவே பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். தீயே வராவிட்டாலும் அது தானாகச் சாகும். முதலில் உருவங்கள் வெளிறும், அம்பர் நிறம் ஏறும். அப்புறம் சுருள் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும், மேலே கொப்புளம் கட்டும், தேன் மாதிரி ஒன்று கசியும், மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். அதற்கு அடுத்து முழுச் சுருளும் ஒரே கட்டியாக இறுகிவிடும், பிரிக்கவே முடியாது. கடைசியில் பழுப்புத் தூள். ஒவ்வொரு கட்டத்திலும் ஃபிலிம் வெளியேற்றும் வாயு பக்கத்து டப்பாவையும் கெடுக்கும், உள்ளே சூடும் ஏறும். காற்று போகாத அறை, ஜூலை மாத வெயில், இப்படி அழுகிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான சுருள்கள். லிட்டில் ஃபெர்ரியில் யாரும் தீக்குச்சி கிழிக்கத் தேவைப்படவில்லை. கோடாக் நைட்ரேட் தயாரிப்பை முழுவதும் நிறுத்தியது 1950களின் தொடக்கத்தில்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் லிட்டில் ஃபெர்ரி மேல் போடுவது எனக்கு ஒப்பவில்லை. காரணம், முர்னாவ் ஃபாக்ஸுக்கு எடுத்த மூன்றாவது படம் சிட்டி கேர்ள். அதே ஸ்டூடியோ, அதே இயக்குநர், அதே மேரி டங்கன், அதே மாதிரி அவர் போன பிறகு மற்றவர்கள் வெட்டி ஒட்டிப் பேசும் வடிவமாக்கி 1930ல் விட்டார்கள். அதன் மௌன வடிவம் 1970 வாக்கில் ஃபாக்ஸ் கிடங்கிலிருந்தே கிடைத்தது. யாரும் பார்க்காமல் நாற்பது வருஷம் கிடந்திருக்கிறது. ஆக 1937க்குப் பிறகும் ஃபாக்ஸிடம் எல்லாமே தீர்ந்துவிடவில்லை. அங்கே ஒரு டப்பா பிழைத்தது, இங்கே பிழைக்கவில்லை.

பிழைத்திருக்கலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு, மேரி டங்கன் மறுபடி வருவது இங்கேதான். வில்லியம் கே. எவர்சன் என்று பெரிய சேகரிப்பாளர், திரைப்பட வரலாற்றாசிரியர். அவர் சொன்னதன்படி, கடைசியாக இருந்த ஒரே பிரதியை டங்கன் ஃபாக்ஸிடம் இரவல் வாங்கினார், அது அவரிடமிருந்து திரும்பவே இல்லை. டங்கன் 1933லேயே நடிப்பை விட்டுவிட்டு போலோ வீரர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு ஃபுளோரிடாவில் செல்வாக்காக வாழ்ந்தவர், 1993 வரை இருந்தார். தான் நடித்த பழைய படத்தை வீட்டில் போட்டுப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதை நான் வதந்திக்கு ஒரு படி மேலே, ஆதாரத்துக்கு ஒரு படி கீழே வைப்பேன். இணையத்தில் இந்தக் கதைக்குக் கைகால் முளைத்து, அவரை வில்லியாக்கிப் பல வடிவங்கள் ஓடுகின்றன, நம்ப வேண்டாம். அப்படியே நடந்திருந்தாலும் குற்றவாளி அவர் என்று நான் சொல்லமாட்டேன். உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே பிரதியை நகல்கூட எடுக்காமல் கையில் தூக்கிக் கொடுத்தவர்கள் யார்? பெர்லினில் உள்ள டாய்ச்ச கினமாதெக் திரைப்படக் காப்பகத்தின் மார்ட்டின் கோர்பர் இதையே நம்பிக்கையாக எடுத்துக்கொண்டார், டங்கனிடம் கொடுத்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் இன்னும் இருக்கலாமே என்று.

இது ஒரு படத்தின் துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்காக டேவிட் பியர்ஸ் செய்த ஆய்வு 2013ல் வந்தது. அமெரிக்காவில் எடுத்த மௌன முழுநீளப் படங்கள் கிட்டத்தட்ட 11,000. முதலில் வெளியான வடிவத்தில் 35 எம்.எம்.-இல் முழுசாக இருப்பது 14 சதவீதம். வெளிநாட்டு வடிவங்கள், 16 எம்.எம். மாதிரியான சின்னப் பிரதிகள் என்று இன்னொரு 11 சதவீதம். மிச்சத்தில் கொஞ்சம் துண்டு துண்டாக இருக்கிறது, மற்றதெல்லாம் இல்லை. இதில் தீயில் போனதைவிட வேண்டாம் என்று ஒதுக்கி அழிந்தவைதான் அதிகம் என்பது என் எண்ணம். யுனிவர்சல் தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப் படங்களில் பெரும்பகுதியை 1948ல் தானே அழித்தது. அங்கே தீயும் இல்லை விபத்தும் இல்லை.

இனிமேலும் கிடைக்க வழி உண்டா என்றால், உண்டு, ஆனால் தேடுகிற இடத்தில் கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் ஒரு பிரதி ஊர் ஊராக ஓடிக் கடைசி ஊருக்குப் போய்ச் சேரும்போது, திருப்பி அனுப்பும் செலவு அதன் மதிப்பைவிட அதிகமாக இருக்கும், அங்கேயே விட்டுவிடுவார்கள். கனடாவின் வடகோடியில் டாசன் சிட்டி அப்படி ஒரு கடைசி ஊர். பழைய நீச்சல் குளத்தைத் தூர்க்க மண்ணோடு போட்டிருந்த 533 ரீல்களை 1978ல் தோண்டி எடுத்தார்கள். நிலமே உறைந்து கிடக்கும் ஊர் என்பதால் நைட்ரேட் தாக்குப்பிடித்தது. நியூஸிலாந்தும் அப்படித்தான். ஜான் ஃபோர்டின் 1927ம் வருஷப் படம் அப்ஸ்ட்ரீம், அதுவும் ஃபாக்ஸ் படம்தான், தொலைந்தது என்று எழுதி மூடிய கணக்கு, 2009ல் அங்கே உள்ள ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. குளோரியா ஸ்வான்சனும் வாலண்டினோவும் நடித்த பியாண்ட் தி ராக்ஸ் நெதர்லாந்தில் ஒரு சேகரிப்பிலிருந்து வந்தது. 4 டெவில்ஸ் ஐரோப்பாவிலும் ஓடிய படம், காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்துப் பலகைகளை மொழி மாற்றி மௌனப் பிரதிகள் போயிருக்கின்றன. ஆகவே ஏதாவது ஒரு காப்பகத்தில் தப்பான பெயர் ஒட்டிய டப்பாவில் இருக்கிறது என்று நாளைக்குச் செய்தி வந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். ஆனால் நாள் ஆக ஆக நைட்ரேட் காத்திருக்காது, அதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கிடையில் 'காணாமல் போன 4 டெவில்ஸ் கிடைத்துவிட்டது' என்று யாராவது போட்டால் இரண்டு விஷயம் பாருங்கள். படங்கள் பளிச்சென்று, அசைவின் மங்கல் கொஞ்சமும் இல்லாமல், எல்லோரும் போஸ் கொடுத்த மாதிரி இருந்தால் அவை விளம்பரத்துக்காகத் தனிக் கேமராவில் எடுத்த ஸ்டில்கள், படத்தின் ஃப்ரேம் இல்லை. இரண்டாவது, இதே கதை 1911ல் டென்மார்க்கில் படமாகி வந்திருக்கிறது, அது பத்திரமாக இருக்கிறது, பெயர் ஒன்று என்பதால் அதைப் போட்டுவிட்டு முர்னாவ் என்று தலைப்பு வைக்கிறார்கள். அந்த டேனிஷ் படத்தைத் தனியாகப் பார்ப்பது நல்லதுதான், அதற்குரிய பெயரில்.

படத்தை ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், திரைக்கதை, ஸ்டில்கள், ஓவியங்களை வைத்து ஜேனட் பெர்க்ஸ்ட்ராம் என்ற கலிஃபோர்னியாப் பேராசிரியர் 2003ல் செய்த ஆவணப்படம் இருக்கிறது. ஃபாக்ஸ் வெளியிட்ட சன்ரைஸ் டிவிடியில் கூடவே வந்தது. காட்சி காட்சியாக எடுத்து அடுக்கியிருப்பார், இன்று 4 டெவில்ஸ் பார்த்தேன் என்று சொல்ல இருக்கிற ஒரே வழி அதுதான். பார் ஆட்டத்தைக் கேமரா எப்படி எடுத்திருக்கும் என்று கற்பனை செய்ய டூபாண்டின் வெரைட்டி பாருங்கள். 1925ல் வந்த ஜெர்மன் படம், தி லாஸ்ட் லாஃபில் முர்னாவோடு வேலை செய்த கார்ல் ஃப்ராய்ண்ட்தான் கேமரா, ஊஞ்சலிலிருந்தே எடுத்த காட்சிகள் உண்டு. முர்னாவ் அதைத் தாண்டிப் போக நினைத்திருப்பார் என்பது என் ஊகம். அப்புறம் சிட்டி கேர்ளைக் கட்டாயம் பாருங்கள், ஆரிகன் மாநிலத்து கோதுமை வயலில் எடுத்தது, நல்ல பிரதி டிஸ்க்கில் கிடைக்கிறது. அதில் டங்கன் சிகாகோ ஹோட்டலில் பரிமாறும் பெண். 4 டெவில்ஸின் பணக்காரிக்கு நேர் எதிர்ப் பாத்திரம், அதைப் பார்த்துவிட்டு அந்த ஸ்டில்களுக்குத் திரும்பினால் எந்த மாதிரி நடிகையை நாம் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று கொஞ்சம் பிடிபடும்.